நாற்காலி கிடைத்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஊரப்பாக்கத்து எங்கள் வீட்டுக்குள் கடல் வந்துவிடும். அம்மா செய்த சுறா புட்டை வயிறு முட்டத் தின்றுவிட்டு, நானும் அப்பாவும் பாயில் படுத்துக்கொண்டு, சுறா மனிதர்களைத் தின்பதை டிவியில் பார்ப்போம். இதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டு நிகழ்ச்சி அது. உலகப்போரில் ஒரு கப்பல் மூழ்கும். தப்பிய மாலுமிகள் நாள்கணக்கில் தண்ணீரில் மிதந்துகொண்டு கிடப்பார்கள். நடந்த கதையை நடிகர்களை வைத்து எடுத்திருப்பார்கள். நீலத் திரைச்சீலை வழியாக வெயில் இறங்கி அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருக்கும். அரைத் தூக்கத்தில் எனக்குப் பாய் லேசாக ஆடும். தாம்பரம் பக்கம் போகிற மின்சார ரயில்கூட எங்கேயோ தூரத்தில் போகும் கப்பலாகத்தான் கேட்கும்.

அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை. எதையும் அளந்து பார்க்கிற கண். "இது போன வாரம் வந்த அதே சுறாதான். முதுவுல அந்த வெட்டைப் பாரு" என்பார். ஒரே சுறாவை வைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள் என்பது அவர் கட்சி. அப்படியும் எனக்குப் பயம் போகவில்லை. ஒரு நாள் நான் அழுதே விட்டபோது அந்த ரகசியத்தைச் சொன்னார்.

நிகழ்ச்சிக்கு நடுநடுவே ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். "அந்தப் பெரியவருதான் தண்ணில கிடக்குற அந்தப் பையன். உக்காந்து கதை சொல்லிகினு கீறாரு பாரு. அப்போ அவருக்கு ஒண்ணும் ஆவல" என்றார் அப்பா.

அதற்கப்புறம் எனக்குக் கவலையே இல்லை. நாற்காலி கிடைத்தவர் பிழைப்பார், கிடைக்காதவர் சுறாவுக்கு. எத்தனையோ கப்பல்கள் மூழ்கின. ஒரு தடவைகூட இந்த விதி தப்பவில்லை.

எனக்கு எட்டு வயதானபோது அப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு நாற்காலி மேல்தான் நம்பிக்கை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், பிளாஸ்டிக் நாற்காலியை நடு அறையில் போட்டு, ஜன்னல்களைச் சாத்தி, அப்பாவை உட்கார வைத்தேன். தலையில் பவுடரைக் கொட்டி நரைக்க வைத்தேன். ஆபரேஷன் முடிந்து முப்பது வருஷம் ஆகிவிட்ட மாதிரி பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் போனில் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்போ எனக்கு முப்பத்தெட்டு வயசு. ரொம்ப பயந்துட்டேன்" என்றார். என்னமாய் நடிக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"என் பொண்ணு அப்போ தம்மாத்துண்டு. இப்போ வேலைக்குப் போறா. ஸ்கூட்டிய மெதுவா ஓட்டுடின்னா கேக்க மாட்டேங்குறா. அவங்கம்மாவுக்குத் தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. ஆனா..."

கதை எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. டிவியில் வந்த எந்தக் கிழவரும் பெண்டாட்டியின் தலைமுடியைப் பற்றிப் பேசியதில்லை. இப்படிப் பேசினால் விதி பலிக்காமல் போய்விடுமே என்று எனக்குப் பதறியது.

"அதெல்லாம் வேணாம்ப்பா. ஆபரேஷனை மட்டும் சொல்லு" என்றேன்.

கதவோரம் நின்றிருந்த அம்மா, "இருடி, அவரு பேசட்டும்" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. எடுத்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை அப்பா சமர்த்தாக, மயக்க ஊசி போட்டதையும் நல்லபடியாகக் கண் விழித்ததையும் மட்டும் சொல்லி முடித்தார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் அப்பா இறந்துபோனார். துக்கத்தைவிடக் கோபம்தான் எனக்கு முதலில் வந்தது. நான் எல்லாவற்றையும் சரியாகத்தானே செய்தேன் என்று பல மாதங்கள் யாரிடம் என்று தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டாவது வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மா அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். இப்போது அவளுக்கு உண்மையிலேயே தலை நரைத்துவிட்டது. நான் அழித்த முதல் வீடியோவில் 'ஆனா' என்று ஆரம்பித்த அப்பா அடுத்து என்ன சொல்ல வந்தார் என்பதைப் பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை. அன்றைக்கு அதைக் கேட்பதற்காகத்தான் அவள் அந்தக் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.