ஆளுக்கு ஒரு வகுப்பு

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம், நான் பியூனாக இருந்த ஆபீசில் எல்லாரும் ஜப்பான் மொழி படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பரீட்சையில் தேறாதவன் பெயர் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகிறவர்கள் பட்டியலில் சேரும் என்றார்கள். அங்கே போனவர்கள் உயிரோடு திரும்புவதில்லை என்று பேச்சு.

எழுத்து வகுப்பு வாரத்தில் மூன்று மாலை, பேச்சு வகுப்பு மூன்று மாலை. வகுப்புக்குப் போவது அவரவர் இஷ்டம்; பரீட்சையில் மட்டும் இரண்டும் உண்டு. நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவன். ஆறு மாலையும் போனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவள்ளியை யார் பார்ப்பது? அதைத் தின்றுதான் குடும்பம் நடந்தது.

நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் என் பக்கத்து வீட்டுக்காரனும் அதே ஆபீசில் பியூன். வழி சொன்னவன் அவன்தான்.

“நீ எழுத்துக்குப் போ, நான் பேச்சுக்குப் போறேன். நீ போற நாள்ல உன் மரவள்ளிய நான் பாத்துக்கறேன். நான் போற நாள்ல என்னோடத நீ பாரு. ஞாயித்துக்கெழம மாத்திச் சொல்லிக் கொடுத்துக்குவோம்.”

“பேச்சுக்கும் ஒரு நாளாவது போனா…”

“வாயத் தொறந்தாலே உனக்குக் காது செவந்துடும். அங்க எழுப்பி நிக்க வெச்சுக் கேக்குறான்லா. வேணாம்.”

உண்மைதான். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு நோட்டில் எழுதினேன், ஒன்று அவனுக்கு. ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து படித்தான். பதிலுக்கு வணக்கம், பெயர் சொல்வது, பத்து வரை எண்ணுவது சொல்லிக் கொடுத்தான். பேச்சு வகுப்புக்குப் புத்தகம் கிடையாது. மூன்றாம் மாதத்திலும், “இன்னும் அதேதான் ஓடுது” என்றான். அந்த வகுப்புக்குப் போகும் வேறு ஆட்களும் ஆபீசில் இருந்தார்கள். ஒருவரைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை.

எழுத்துப் பரீட்சையை முதலில் முடித்தவன் நான். பேச்சில், அதிகாரி ஏதோ கேட்டார். என் பெயரைச் சொன்னேன். வேறு ஏதோ கேட்டார். மறுபடியும் பெயரைச் சொன்னேன். பின்னால் சிரித்தார்கள். அடுத்து அவன் போனான். ஆறேழு கேள்விக்கு, குனிய வேண்டிய இடத்தில் குனிந்து, வரிசையாகப் பதில் சொன்னான்.

வெளியே சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தான்.

“இதெல்லாம் எப்ப படிச்ச?”

“நம்ம ரெண்டு பியூன்ல ஒருத்தருக்குத்தான் ஆபீசுல எடம். பட்டியல் எழுதற கிராணி சொல்லிட்டாரு.”

“எப்ப?”

“வகுப்பு ஆரம்பிச்ச மூணாவது வாரம்.”

“அப்புறமும் என் நோட்ட வாங்கிட்டுப் போனியே.”

“நீ நல்லாத்தான் சொல்லிக் கொடுத்த” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

பட்டியல் ஒட்டுவதற்கு முன்பே புக்கிட் ரம்பாயில் மைத்துனன் வீட்டுக்குப் போய் ஒளிந்துகொள்வது என்று முடிவு செய்தோம். போகிற அன்று விடியற்காலையில் மனைவி மரவள்ளியைப் பிடுங்கினாள். கிழங்கு ஒவ்வொன்றும் கை பருமன் இருந்தது. புல் பூண்டு ஒன்று இல்லை.

“நல்லாத்தான் பாத்திருக்காரு” என்றாள்.

அவன் செய்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சாக்கின் வாயைக் கட்டினேன்.