நீளமானதை மட்டும் வை

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஆராய்ச்சிக்கு உதவாத குணம் இது. கணினி ஒரு கணக்கை முடிக்க நாலு மணி நேரம் எடுக்கும். அதற்குள் காஹாங் என்ற எங்கள் சிற்றூர் வீட்டில் துணியை மடித்து, கலைத்து, மறுபடி மடிப்பேன். பக்கத்து ஊரான குளுவாங்கில் தொழிற்சாலை ஷிப்டு முடித்து வந்து படுத்திருக்கும் என் கணவரை நிம்மதியாகத் தூங்கவும் விடமாட்டேன்.

அந்த வாரம் எரிச்சல் கூடுதல். வெள்ளிக்கிழமைக்குள் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனிக் கிடையாது. நான் பாடம் நடத்தும் பள்ளியில் எடுத்த படிப்பு விடுப்பும் அன்றோடு முடிகிறது. ஒப்படைக்காவிட்டால் அத்தனை வருஷ உழைப்பும் போச்சு.

எண்ணெய் எடுக்கும் செம்பனை, தென்னை, கமுகு, பேரீச்சை. இந்த நாலு மரங்களிலிருந்தும் ஒரே மரபணுவை எடுத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, எது எதோடு நெருங்கியது, எப்போது பிரிந்தது என்று வம்சக் கிளை வரைவதுதான் என் வேலை. செம்பனையும் தென்னையும் நெருங்கிய சொந்தம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நான் வரைந்த படத்தில் செம்பனை தென்னையை விட்டுவிட்டுப் பேரீச்சையோடு போய் ஒட்டிக்கொண்டது. பார்த்ததும் நான் குதித்த குதி இருக்கிறதே! பழங்காலத்தில் ஏதோ இனக்கலப்பு நடந்திருக்கிறது என்று மூன்றாவது அத்தியாயம் முழுக்க அளந்துவிட்டிருந்தேன். ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் பழைய கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தேன். 'தள்ளியவை' என்று ஒரு கோப்பு. திறந்தால், தென்னையில் அதே மரபணுவுக்கு இன்னொரு பிரதி. கமுகிலும் இருந்தது. நாலு மரத்திலும் இரண்டிரண்டு! என் மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்த சின்ன நிரல் ஒன்று, ஒவ்வொரு மரத்திலும் நீளமான பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளியிருந்தது. அதாவது, செம்பனை வீடு, தென்னை வீடு இரண்டிலும் அக்கா வழி, தங்கை வழி என்று இரண்டு வம்சம் இருக்க, நான் இங்கே அக்கா பேத்தியையும் அங்கே தங்கை பேத்தியையும் எடுத்துவைத்து, ஜாடையே இல்லையே என்று வியந்திருக்கிறேன்.

எட்டுப் பிரதிகளையும் சேர்த்து ஓட்டினேன். இரண்டு கிளைகள் வந்தன. இரண்டிலும் செம்பனைக்குப் பக்கத்தில் தென்னை. இனக்கலப்பாவது மண்ணாங்கட்டியாவது!

கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கோப்ப அழிச்சிரு லா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே!" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அதற்குச் சற்று முன்பு என் விரலும் அழிக்கும் பொத்தான்மேல்தான் இருந்தது. பாவம், அவர்மேல் பாய்ந்திருக்க வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்கு வண்டியை எடுத்தேன். வழியில் ஆயர் ஈத்தாமில் ஒரு கடையில் நிறுத்தி, பால் இல்லாத தேநீர், தே ஓ ஒன்று சொல்லி, வந்ததைக் குடிக்காமலே எழுந்தேன். பயம் என் பட்டத்துக்காக மட்டும் இல்லை. என் மேற்பார்வையாளரை நாங்கள் டாக்டர் என்றே கூப்பிடுவோம். அந்த அம்மாவைப் பேராசிரியர் ஆக்கிய கட்டுரையும் இதே நிரலை வைத்து எழுதியதுதான்.

"டாக்டர், என் மூனாவது அத்தியாயம் தப்பு."

"அலமாக்! வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணணும், இப்ப வந்து சொல்றியா?"

பழைய படத்தையும் புதிய படத்தையும் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு கிளையையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இத வேற யாரு பாத்தாங்க?"

மூடி மறைக்கத்தான் கேட்கிறார் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரும் பாக்கல. ஆனா இத நான் சப்மிட் பண்ண மாட்டேன். பட்டம் போனா போவட்டும்!"

"கத்தாதம்மா," என்றார். தன் கணினியைத் திறந்து, அந்தப் பழைய கட்டுரையின் கோப்புகளை எடுத்தார். "இதையும் ஓட்டு. எதையும் தள்ளாம."

ஓடி முடிய மாலையாகிவிட்டது, அதுவரை அவர் அலமாரிப் புத்தகங்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினேன். முடிந்தபோது, அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தக் கிளை படத்தில் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பத்திரிகைக்குத் திருத்தம் எழுதணும். என் பேர மட்டும் போடு. உன் அத்தியாயம்... மூனு நாள்ல மாத்தி எழுத முடியுமா?"

முடியவில்லை. பட்டம் வரவில்லை. இன்றும் பள்ளியில் படிவம் நான்கு பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். யாராவது "டாக்டர் ஆயிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டால் வயிறு எரிகிறது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அன்று நான் கிளம்பும்போது டாக்டர் ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் அவரிடம் படித்தவர்கள், பட்டம் வாங்கிப் போனவர்கள். பதினொரு பெயர்.

"இவங்க எல்லாருக்கும் நான்தான் இந்த நிரலக் குடுத்தேன்," என்றார். பிறகு போனை எடுத்து முதல் எண்ணைத் தட்டினார். அந்தப் பக்கம் யாரோ சந்தோஷமாக "டாக்டர்! எப்படி இருக்கீங்க?" என்பது எனக்கே கேட்டது.

"மன்னிச்சிரும்மா," என்று ஆரம்பித்தார்.