தமிழ் மீடியம்

கண்டி வாவியைப் பார்த்தபடி இருக்கும் பெரிய ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வந்ததே இதற்காகத்தான். என் மனைவி பள்ளிக்கூட அதிபராகிவிட்டாள்! நியமனக் கடிதம் கைப்பைக்குள் இருக்கிறது. நொடிக்கொரு தரம் தொட்டுப் பார்க்கிறாள். ஒரு தடவையாவது ஸ்டேக் என்கிற சுட்ட இறைச்சியைச் சாப்பிட வேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மேசையில் வரிசையாகக் கிடக்கும் கத்திகளில் எதை எடுப்பதென்று எனக்குத்தான் தெரியவில்லை.

வெள்ளைக் கோட் போட்ட வெயிட்டர் இரண்டு ஸ்டேக் என்று எழுதிக்கொண்டு, குனிந்து ஆங்கிலத்தில் கேட்கிறார்.

"மீடியம், மேடம்?"

"தமிழ் மீடியம்," என்கிறாள் பட்டென்று.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் இத்தனை வருஷமாக அவள் கேட்கிற கேள்வி அது. எனக்குக் கதிரைக்கு அடியில் போய்விடலாம் போலிருக்கிறது. வெயிட்டரோ சிரிப்பை அடக்க முடியாமல் தமிழுக்கு மாறுகிறார்.

"டீச்சருங்களா? நானும் தமிழ் மீடியம்தாங்க, மடுல்கெல்லத் தோட்டப் பக்கம். இறைச்சி எவ்வளவு வேகணும்னு கேட்டேன்."

"ஐயோ! நல்லா வேகட்டும் தம்பி. ரத்தம் தெரியப்படாது."

சிரித்த சிரிப்பில் கடிதமும் வெளியே வந்துவிடுகிறது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கடைசி வரி வரை வாசித்துவிட்டுத் திருப்பித் தருகிறார். பிறகு குசினிக் கதவைத் தள்ளிக் குரல் கொடுக்கிறார்.

"ஏழாம் மேசைக்கு ரெண்டு ஸ்டேக், தமிழ் மீடியம்!"

உள்ளேயிருந்து சமையல்காரர் கேட்கிறார்: "அப்ப மிளகாய் கூடப் போடவா?"

"ஓம், போடுங்கோ!" என்று இருந்த இடத்திலிருந்தே கத்துகிறாள் புது அதிபர்.