வெர்னா மிஸ் கேட்டு வாங்கிய மறுப்பு

கனடாவில், ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு அதிபராக வந்த முதல் கறுப்பினப் பெண் வெர்னா மிஸ். ஜமேக்காவில் பிறந்து, சிறுபிள்ளையாகத் தாயோடு ரொறன்ரோவுக்கு வந்தவர். நெடுத்த மனுசி. அவருடைய சிரிப்பு முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவார்.

சந்திரவதனாவின் மகள் நிலக்சி கணக்கில் புலி. ஆனாலும் ஒன்பதாம் வகுப்பில் அவளை லேசான பாடங்களில் போடப் பார்த்தார்கள். அதில் போனால் பல்கலைக்கழகப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. வகுப்பாசிரியர் அதைச் சொன்னபோது சந்திரவதனா எழுந்து நின்று, "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வாத்தியாரோடு மறுபேச்சுப் பேசி எங்கள் சனத்துக்குப் பழக்கம் ஏது? அதைப் பள்ளிக்கூடம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

விசயம் காதுக்கு எட்டி, அந்தச் சனிக்கிழமை வெர்னா மிஸ்ஸே வீட்டுக்கு வந்தார். சந்திரவதனா வடையும் தேத்தண்ணியும் வைத்துவிட்டுச் சுவரோடு நின்றாள். மிஸ் ஆங்கிலத்தில் கேட்க, நிலக்சி தமிழில் சொன்னாள்.

"அம்மா, எனக்கு அந்த வகுப்புச் சரியோ எண்டு மிஸ் கேக்கிறா."

"மிஸ் சொன்னாச் சரிதானே."

"ஐயோ, மிஸ் சொல்லேல்லை அம்மா, கேக்கிறா!"

மிஸ் குலுங்கிச் சிரித்தார். பிறகு தன் தாயின் கதையைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தவராம். ஆசிரியர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாராம். கெட்டிக்கார மகளைத் தையல் வகுப்பில் போட்டதற்கும் அப்படித்தான் தலையாட்டினாராம். அதிலிருந்து வெளியே வர மகளுக்கு எத்தனையோ வருசம் பிடித்ததாம்.

சந்திரவதனா மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள் மெதுவாக.

மிஸ் காதைச் சாய்த்தார்.

"இல்லை மிஸ்! என்ர பிள்ளை மற்றப் பிள்ளையளோட படிக்கட்டும்!"

மிஸ் இரண்டாவது வடையை எடுத்தார். திங்கட்கிழமை நிலக்சியின் வகுப்பு மாறியது. அதற்குப் பிறகு, பெற்றோரை வீட்டில் கண்டு பேசாமல் ஒரு பிள்ளையையும் அந்த வகுப்பில் போட மிஸ் விடவில்லை.

அதிபர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மிஸ் கல்விச் சபைத் தேர்தலில் நின்றார். சந்திரவதனா மிஸ்ஸுக்கு வாக்குக் கேட்டு மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டினாள். அந்தத் தொகுதியில் வென்ற முதல் கறுப்பினப் பெண்ணும் வெர்னா மிஸ்தான்.

போன வருசம் ஒரு கூட்டத்தில், வயதாகிவிட்டது, அடுத்த முறை நிற்கமாட்டேன் என்றார் மிஸ். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பின்வரிசையில் சந்திரவதனா எழுந்தாள்.

"நோ, மிஸ்."

மண்டபம் முழுக்க மிஸ்ஸின் சிரிப்புத்தான் கேட்டது.