அரைப் பேர் வாங்கிய மீன்

"அண்ணே… துப்பிட்டான்."

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை. போனை எடுத்ததும் காதில் விழுந்த முதல் வார்த்தை இதுதான். வணக்கம் இல்லை, சுகமா என்ற கேள்வி இல்லை. நேராகத் துப்பிட்டான்!

யார் துப்பினான்? யார் மேல்? ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ அடிதடி, நம்மைச் சமாதானத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பேசியது வட்டவளை மோகன். துப்பியது அவன் வீட்டு மீன்.

மோகன் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். இருபது வயதுவரை கடலை டீவியில் பார்த்ததோடு சரி. பிறகு கிழக்குக் கரைக்குப் போய், அலங்கார மீன் பிடிக்கிற கூட்டத்தில் சேர்ந்து, பன்னிரண்டு வருடம் முங்கினான். மலையில் பிறந்தவனுக்குக் கடலுக்கு அடியில் வேலை! பாறை இடுக்கில் கைவலையை நீட்டி, ஒரு செதில் உதிராமல் மீனை எடுப்பான். அந்த மீன்களை பிளாஸ்டிக் பையில் விட்டு, ஒக்சிஜன் அடித்து, வாயைக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நானும் ஒரு சீசன் அப்படி மீன் அனுப்புகிற கொட்டகையில் பை கட்டியிருக்கிறேன். நான் செய்யாத வேலை குறைவு என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எதிலும் நிலைக்காதவன் என்பதும் தெரியும்.

இந்த வருடம் மோகனின் வலது செவிப்பறை கிழிந்தது. இனி முங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பி ஆட்டோ ஓட்டுகிறான். வலது காது கேட்காத ஒருவன், முந்துகிற வண்டியெல்லாம் வலது பக்கமாகவே வருகிற நாட்டில் ஆட்டோ ஓட்டுகிறான்… ஓடுகிறது.

வரும்போது மூன்று மீன்களையும் கொண்டுவந்தான். கடைசியாக முங்கிய அன்று அவன் வலையில் விழுந்தவை. கோமாளி மீன்தான். ஆனால் எல்லோரும் படத்தில் பார்க்கிற மூன்று கோட்டு ரகம் இல்லை. மங்கிய செம்மஞ்சள் உடம்பு, கழுத்தில் ஒற்றை வெள்ளைக் கோடு, அடிவயிற்றில் மட்டும் கரி பூசியது போலக் கறுப்பு. முன்பெல்லாம் ஒரு பாறைக்கு ஒரு குடும்பமாவது இருக்குமாம். இப்போது நாள் முழுக்கத் தேட வேண்டுமாம்.

"யாரு புடிச்சுத் தீத்தது?" என்று கேட்டேன்.

"நாங்கதான்" என்றான். சிரிக்கவில்லை.

"அப்புறம் இதையும் ஏன்டா தூக்கிட்டு வந்த?"

"பன்னெண்டு வருசமா புடிச்சு அனுப்பிருக்கேண்ணே. போன மீனு பொழைச்சுச்சா, செத்துச்சா… ஒரு சேதி வந்ததில்ல. நான் புடிச்சதுல ஒன்னாவது உசுரோட இருக்கறத என் கண்ணால பாக்கணும். அவ்வளவுதான்."

மூன்றில் ஒன்று நாலாம் நாளே மிதந்துவிட்டது. மற்ற இரண்டும் பதினோரு நாளாக எதையும் விழுங்கவில்லை. அதுதான் அந்தப் போன்.

பஸ் ஏறினேன். எனக்கு வேறென்ன வேலை?

நான் போய்ச் சேர்ந்த நேரம் மோகனின் மனைவி சுமதி காலையில் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள்.

"வாங்கண்ணே. மீன் டொக்டரு வந்துட்டாரு!" என்றாள். "எனக்குக் காய்ச்சல்னா கொத்தமல்லித் தண்ணி. மீனுக்குக் காய்ச்சல்னா ஹட்டன்ல இருந்து ஆளு. குளுருக்கு எனக்குக் கம்பளி, அதுக்கு ஹீட்டர். அடுத்த பொறப்புல நான் மீனாத்தான் பொறக்கப் போறேன்."

"பொறந்தா நான் புடிச்சிருவேன்" என்றான் மோகன்.

"புடிப்பீங்க. சோறு போடத்தான் தெரியாது."

வாய் அப்படி. ஆனால் மழையில் கரண்ட் போகிற நேரமெல்லாம், அந்தக் கம்பளியை எடுத்துத் தொட்டியைச் சுற்றிப் போர்த்துவது அவள்தானாம். மோகன் தனியாகச் சொன்னான்.

முன் காம்பரா அறையில் ஜன்னல் ஓரமாகத் தொட்டி. ஹட்டனில் ஒரு கடை மூடியபோது கிடைத்த பழைய கண்ணாடித் தொட்டி. மீன் இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. வாய் படபடவென்று திறந்து மூடியது. மேட்டில் ஓடி வந்தவன் மூச்சு வாங்குவது போல.

அதற்குமேல் நான் மீனைப் பார்க்கவில்லை. தொட்டியின் விளிம்பைப் பார்த்தேன். கண்ணாடி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"தண்ணி கொறைஞ்சா என்ன ஊத்துற?"

"கடல் தண்ணிதாண்ணே. மீன் லொறியில கேன்ல வருது. டெய்லி மூனு போத்தல் கொறையும், மூனு போத்தல் ஊத்துவேன். ஒரு சொட்டு பீலித் தண்ணி படவிடலையே!" என்றான் பெருமையாக.

பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே விழுகிற எங்கள் தண்ணீர். குடிக்க, குளிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதைத்தான் இவன் விஷம் மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறான். ஏன்? கடல் மீனாச்சே!

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் புத்தளத்தில் ஐந்து மாதம் உப்பளத்தில் வாருகோல் பிடித்திருக்கிறேன். அங்கே படித்த பாடம் ஒன்றே ஒன்றுதான். வெயிலுக்குத் தண்ணீர் போகும், உப்பு போகாது. ஹீட்டர் சூட்டில், இந்தக் குளிரில், தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். அதற்குப் பதிலாக இவன் ஊற்றுவது உப்பும் தண்ணீரும். பதினோரு நாள்! வீட்டுக்குள் ஒரு உப்பளமே நடத்தியிருக்கிறான்.

அவனையும் குறை சொல்ல முடியாது. கரையில் இருந்த கொட்டகைக்குப் பம்ப் வைத்துக் கடலையே இழுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் வரும், மறுபக்கம் போகும். அங்கே குறைந்ததற்கு ஊற்றும் வேலையே இல்லை.

சொன்னால் நம்ப மாட்டான் என்று தெரியும். சட்டைப் பையில் எழுதித் தீர்ந்த பேனா ஒன்று கிடந்தது. குழாயை உருவி, உள்ளே ஒரு சின்ன ஆணியைப் போட்டு, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்தேன். கேனில் இருந்த கடல் தண்ணீரைத் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, அதில் மிதக்கவிட்டு, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு கீறினேன். அதே குழாயைத் தொட்டியில் போட்டேன். கோடு ஒரு நெல் அளவு மேலே ஏறி நின்றது. உப்பு கூடினால் மிதப்பும் கூடும்.

மோகன் குனிந்து பார்த்தான். மூன்று தரம் எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தான்.

"இப்ப என்னண்ணே செய்யறது?"

"பீலித் தண்ணி ஊத்து."

"கொல்லப் பாக்குறீங்களா? கடல் மீனுண்ணே!"

அடுப்படியிலிருந்து சுமதியின் குரல். "ஏங்க, ரசத்துல உப்பு கூடிட்டா நான் என்ன ஊத்துவேன்? இன்னும் கொஞ்சம் உப்பா?"

மோகன் கடல் தண்ணீர்க் கேனை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

தேயிலைக்கு மருந்தடிக்கிற மலைக்குக் கீழே இருக்கிற பீலி வேண்டாம் என்றேன். சுமதி காட்டுப் பக்கம் மேலே ஏறிப்போய் ஒரு குடம் பிடித்து வந்தாள். தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, சூடுகாட்டிய பீலித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக, மணிக்கு ஒன்றாக விட்டோம். அவசரப்பட்டால் அதுவும் கொலைதான். வெள்ளிக்கிழமை கோடு சரியான இடத்தில் நின்றது. மீன்கள் கீழே இறங்கின. மூச்சு நிதானமானது.

ஆனால் சாப்பாடு? வந்தன, பார்த்தன, வாயில் வைத்தன… துப்பின.

"வேலைக்கு வர்றாரு, கொழுந்து எடுக்க மாட்டேங்குறாரு" என்றாள் சுமதி. "இவருக்கு அரைப் பேர்தான் போடணும்."

நிறை குறைந்த நாளுக்குத் தோட்டத்தில் முழுநாள் பேர் விழாது, அரைநாள் கூலிக்கான அரைப் பேர்தான். அந்த மீன்களுக்கு அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. பெரிய அரைப் பேர், சின்ன அரைப் பேர்.

யோசித்துப் பாருங்கள். கடலில் பிறந்த மீன். அசைந்து மிதந்து வருகிற உயிருள்ள தீனியைத் தின்று வளர்ந்தது. டப்பாவிலிருந்து விழுகிற இந்த மரத்தூள் உருண்டை சாப்பாடு என்று அதற்கு யார் சொன்னார்கள்? இறால் துண்டு போட்டோம். அதற்கும் அரைப் பேர்.

புதன்கிழமையே, கொட்டகையில் பார்த்த ஒன்று என் நினைவுக்கு வந்திருந்தது. அங்கே கடல் மீன் தொட்டி ஒன்றில் கறுப்பு மொல்லி ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. நன்னீர் மீன், கடைகளில் கொத்துக் கொத்தாக விற்பது. தவறி விழுந்துவிட்டது என்று நினைத்து வலையை எடுத்தேன். தீனி போடுகிற பெண் கத்தினாள். "ஐயோ, அத எடுக்காதீங்க! அதுதான் டீச்சர்."

மறுநாள் வியாழக்கிழமை ஹட்டனுக்குப் போய், ரிஸ்வான் நானாவின் வளர்ப்பு மீன் கடையில் நல்ல சாப்பாட்டுராமனாகப் பார்த்து ஒரு மொல்லி கேட்டேன். உப்புத் தண்ணீருக்கு என்றதும் நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கருவாடு போடவா?"

"உத்தியோகத்துக்கு நானா."

"அப்ப இந்தாளக் கூட்டிட்டுப் போங்க. கல்லப் போட்டாலும் திம்பாரு."

வாளியில் மொல்லியை விட்டு, கடல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். இரண்டு நாள். ஒரு பக்கம் கடல் மீனுக்குப் பீலித் தண்ணீர் பழக்குகிறோம், இன்னொரு பக்கம் பீலி மீனுக்குக் கடலைப் பழக்குகிறோம். எதிர்வீட்டுக்காரர்கள் எங்கள் மூவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சனிக்கிழமை மொல்லி தொட்டிக்குள் போனது. தீனி விழுந்ததுதான் தாமதம்! மேலே, கீழே, மூலையில் என்று ஒன்று விடாமல் பொறுக்கியது. கோமாளிகள் இரண்டும் ஒதுங்கி நின்று பார்த்தன.

எனக்கு என் நினைவு வந்தது. பதினேழு வயதில் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனேன். முதல் நாள் தட்டில் எதையோ வைத்தார்கள். எது, எப்படிப் பிய்ப்பது, எதில் தொடுவது… ஒன்றும் தெரியாது. நல்ல பசி. ஆனாலும் கை போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலி ஊர்ச் சிங்களவன் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. பிறகு எத்தனையோ ஊர்கள், எத்தனையோ தட்டுகள். புது இடத்தில் பசி மட்டும் போதாது. பக்கத்தில் ஒருவன் சாப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. மோகன் தீனியைத் தூவினான். மொல்லி பாய்ந்தது. சட்டென்று பெரிய கோமாளி குறுக்கே வந்து மொல்லியை ஒரு முட்டு முட்டியது. அதன் வாய்க்கு நேராக இருந்த உருண்டையைப் பிடுங்கியது.

 துப்புமா?

துப்பவில்லை. விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் திரும்பியது.

"பெருசு பொம்பளைனு சொன்னீங்கல்ல?" என்றாள் சுமதி. கோமாளிகளில் சோடிக்குப் பெரியது எப்போதும் பெண்தான். "பாத்தீங்களா? பொம்பளைதான் மொதல்ல வேலைக்கு எறங்குவா. ஆம்பள இன்னும் யோசிச்சிட்டு நிக்கிறாரு."

சின்னது அன்று மாலைவரை யோசித்தது. மாலையில் ஒன்றே ஒன்று விழுங்கியது. இதை எழுதுகிற இன்று மூன்று.

மோகன் தீனி டப்பாவைக் கையில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தனை பை கட்டிருப்போம்ணே… நான் புடிச்ச மீனு திங்கிறத இப்பத்தான் பாக்குறேன்."

பாறையிலிருந்து அதைப் பிடிக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். ஒரு வாய் விழுங்க வைக்கப் பதினாறு நாள், மூன்று மனுசர், ஒரு மொல்லி. கடலில் மிச்சம் இருப்பவை அங்கேயே சாப்பிடட்டுமே!