இரகசியத்தை மறந்தவர்

என் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது சொந்தத்தில் யாருக்கும் தெரியாது. தினமும் என்ன மாத்திரை என்று கேட்டவர்களிடம் சர்க்கரை மாத்திரை என்போம். அந்தப் பொய்யைக் காப்பாற்றவே எத்தனையோ கல்யாணங்களில் அவர் பாயசத்தைத் தொட்டதில்லை.

ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். பாகங்கள் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி அனுப்பும் பிரிவு. போன வருடம் அவர் பேச்சு தடுமாறத் தொடங்கியது. கன்னடக்காரரைத் தெலுங்கில் திட்டினார். பிறகு திட்டுவதையே விட்டுவிட்டார். "சார் இப்ப ரொம்பப் பக்குவமாயிட்டாரு" என்று தொழிலாளிகள் மகிழ்ந்தார்கள். வீட்டில் அந்தப் பக்குவசாலிக்கு நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன்.

கிருஷ்ணகிரியில் மாத்திரை வாங்கும் மையத்தில் சொன்னேன். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஸ்கேனெல்லாம் பார்த்துவிட்டு அந்த அம்மா விளக்கினார்.

"ரத்தத்துல கிருமி அடங்கியிருக்கு. மூளைக்குள்ள கொஞ்சம் பதுங்கியிருக்கும். அதோட மல்லுக்கட்டுற செல்லுங்க ஓயாம வேதிப்பொருளைக் கக்குது. அது பட்டுப் பட்டு நரம்பு செல் கெட்டுப்போகுது. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரின்னு வெச்சுக்குங்க."

அவர் யோசித்தார். "எண்ணெய் பூசிட்டா நிக்குமா மேடம்?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. மருத்துவரும் சிரிக்கவில்லை. அப்படி ஓர் எண்ணெய் இன்னும் வரவில்லை என்று சொல்லி, மூளைக்குள் நன்றாக இறங்கும் மாத்திரைக்கு மாற்றச் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் காவேரிப்பட்டினத்தில் நாத்தனார் மகள் கல்யாணம். தாய்மாமன் என்பதால் பந்தியில் அவருக்கு நடு இடம். பாயசம் வந்ததும் டம்ளரை நீட்டினார்.

"தம்பி, உனக்குச் சக்கரைடா!" என்று நாத்தனார் ஓடிவந்தார்.

"எனக்கு ஏதுக்கா சக்கரை? எச்.ஐ.வி.தான்." நல்ல சத்தமாகத்தான் சொன்னார்.

பரிமாறியவர் வாளியோடு நின்றுவிட்டார். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், என்ன பேசறான்னே தெரியலயே இவனுக்கு! ஏம்மா, நல்ல டாக்டரா பாக்கக் கூடாதா?"

"நெஜமாத்தான்க்கா" என்று அவர் சொல்லச் சொல்ல, பந்தி முழுக்க உச்சுக்கொட்டியது. நாங்கள் பயந்து பயந்து மறைத்த உண்மையை அவர் ஊருக்கே சொல்லியும் ஒருவர்கூட நம்பவில்லை.

புது மாத்திரையில் சில மாதங்களில் ஓரளவு தேறினார். பொத்தானை அவரே போடுகிறார். தொழிற்சாலையில் லேசான வேலை கொடுத்திருக்கிறார்கள். மனம் தெளிந்ததும், அக்காவிடம் மறைக்கக் கூடாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

நாத்தனார் வெகுநேரம் அழுதார். பிறகு கோபம் வந்துவிட்டது. "இத்தன வருசமா என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா?"

"கல்யாணத்துல சொன்னேனேக்கா" என்றார் அவர்.