985-க்குக் கீழே இறங்காத ரேடியோ

என் கணவருக்கு எதையும் மூடியபடி விட்டுவைக்கப் பிடிக்காது. திருகாணி இருக்கிறதென்றால் அது கழற்றத்தான் என்பது அவர் கட்சி. அரியலூரில் சிமென்ட் ஆலையின் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை. நாள் முழுக்க மோட்டார்களைக் கழற்றி மாட்டிவிட்டு வருகிற மனுஷன் வீட்டிலாவது சும்மா இருக்கலாம். இருக்கமாட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், கல்யாணத்துக்கு அப்பா எனக்குக் கொடுத்த பழைய வால்வு ரேடியோவில் கை வைத்தார்.

எந்த அலைவரிசையில் இருக்கிறோம் என்று சிவப்பு எண்களில் காட்டும் டிஜிட்டல் டிஸ்ப்ளே ஒன்றை அதில் பொருத்தப் போகிறாராம். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படம் போட்டு வந்திருந்தது. வேண்டிய ஐசிகளைத் திருச்சியில் அலைந்து வாங்கி வந்தார். எண்களுக்கு இடம் வேண்டுமென்று ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடி, முள், முள்ளை இழுக்கும் நூல் எல்லாவற்றையும் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டார்.

"முள்ளு காட்டுறதெல்லாம் குத்துமதிப்பு. நம்பர் பொய் சொல்லாது" என்றார்.

இந்த லட்சணத்தில் அப்பாவிடமிருந்து கார்டு வந்தது. வரும் வியாழக்கிழமை சாயங்காலம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில், திருச்சி ரேடியோவில், அவர் பேசியது வருகிறது, நம் வீட்டுக்கு வந்து கேட்கிறார், மாப்பிள்ளைக்குச் சொல்லவும். அப்பா சிறுவாச்சூரில் சின்ன வெங்காயம் போடுகிறவர். ரேடியோக்காரர்கள் வயலுக்கே வந்து பதிவு செய்துகொண்டு போயிருந்தார்கள். ஒரே ஒரு தடவைதான் வரும். விட்டால் போச்சு.

"மாப்பிள்ளைக்குச் சொல்லவும்" என்பது வெறும் மரியாதைக்கு எழுதியதல்ல. எதிரில் உட்கார்ந்திருந்தாலும் அப்பா மாப்பிள்ளையிடம் நேராகப் பேசமாட்டார். "மாப்ள காப்பி குடிச்சாராம்மா?" என்று என்னைத்தான் கேட்பார். இவரும் அவருக்குச் சளைத்தவரில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி.

வியாழக்கிழமை அப்பா பெரம்பலூரில் பஸ் மாறி நாலு மணிக்கே வந்துவிட்டார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. உள்ளே வந்ததும் ரேடியோவைப் பார்த்தார். கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குள் சிவப்பாக எண்கள்.

"மாப்ள ரேடியோவ ரிப்பேர் பண்றாராம்மா?"

"ரிப்பேர் இல்ல, புதுசா பண்ணியிருக்கேன்னு சொல்லு" என்று இவர் என்னிடம் சொன்னார். நான் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

நிகழ்ச்சிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இவர் ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். திருச்சி என்றால் 936. அறிவிப்பாளர் தினமும் சொல்லிச் சொல்லிப் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த எண். டிஸ்ப்ளே ஓடினால் ரேடியோவில் கர்ரென்று ஓர் இரைச்சல் வந்தது; அதனால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார். நம்பர் வந்ததும் கூட்டிக்கொள்ளலாமாம். குமிழைத் திருப்பினார். ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து இருநூறு, ஆயிரம் என்று எண்கள் இறங்கின. 985-இல் குமிழ் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மேலே ஏற்றி மறுபடி இறக்கினார். மறுபடியும் 985.

"936 ஏன் வரமாட்டேங்குது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

அப்பா வருஷக்கணக்காகத் திருப்பிய குமிழ் அது. ஆனால் இப்போது அதன்மேல் இருப்பது மாப்பிள்ளையின் கை. "மணி என்னான்னு பாரும்மா" என்று மட்டும் சொன்னார். சொன்ன குரலே சரியில்லை.

மேஜையில் கிடந்த பத்திரிகையைப் புரட்டினேன். அந்தக் கட்டுரை முடிகிற இடத்தில், மீதி அடுத்த இதழில் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"ஏங்க, ரெண்டாம் பாகம் வரதுக்குள்ளயே ரேடியோவ அறுத்துட்டீங்களா?" என்றேன்.

"கைய எடுங்க. அப்பா, நீங்க திருப்புங்க."

அப்பா தயங்கினார். இவர் எழுந்து நகர்ந்து இடம் விட்டார். அப்பா முதலில் சத்தத்தைக் கூட்டினார். பிறகு எண்களைப் பார்க்காமல், தலையைச் சாய்த்துக்கொண்டு, குமிழை ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்தினார். இரைச்சலுக்கு நடுவில் நாதஸ்வரம் கேட்டது. எண் 1391 என்று காட்டியது. ரேடியோ தனக்குள் உண்டாக்கிக்கொள்ளும் அலை ஸ்டேஷன் அலையைவிட 455 அதிகமாக ஓடுமாம்; டிஸ்ப்ளே அதைத்தான் எண்ணிக் காட்டியிருக்கிறது. அந்த 455-ஐக் கழித்துக் காட்டும் வித்தை அடுத்த மாத இதழில் வந்தது. அன்றைக்கு அதெல்லாம் யாருக்கு வேண்டும்? நாதஸ்வரம் நின்று, அறிவிப்பு முடிந்து, ஓர் இருமல் கேட்டது. என் அப்பாவின் இருமல். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விதை வெங்காயம் அழுகாமல் எப்படி வைக்கிறீர்கள் என்று ரேடியோக்காரர் கேட்டார்.

"கல்லு வச்சு, அதும்மேல மூங்கில் தட்டியில பட்டற போட்டு வெங்காயத்தக் கொட்டுறேங்க. அடியில காத்து போவுது. இது எங்க மாப்ள சொன்ன யோசனைங்க. மோட்டாருக்கே அடியில காத்து வேணும், வெங்காயத்துக்கு வேணாமான்னு பொண்ணுகிட்ட சொல்லிவுட்டாரு. பேக்டரியில இருக்கவருக்கு வெவசாயம் என்னா தெரியும்னு நான் கேட்டுக்கல. அந்த வருசம் பூராவும் அழுவிப் போச்சுங்க. அதுக்கப்புறந்தான் செஞ்சேன். அவரு சொன்னதுதான் சரி."

இவர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுவாச்சூரில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. அங்கே உட்கார்ந்து கேட்டிருந்தால் ஊரே கூடி மெச்சியிருக்கும். அதை விட்டுவிட்டு ரெண்டு பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தவர், தன் குரலைக் கேட்க வரவில்லை. அந்தச் சேதியை என்னிடம் சொல்லி அனுப்பவும் கூச்சப்பட்டு, திருச்சி வழியாக அனுப்பியிருக்கிறார். அது வந்து சேரும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார்.

நிகழ்ச்சி முடிந்து சந்தை நிலவரம் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இருட்டிடுச்சு. இன்னைக்கு இங்கயே தங்கிட்டு காலையில போங்க, மாமா" என்றார் இவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.